கோவிந்தசாமி என்ன வேலை செய்கிறார்?

1

போன செவ்வாய்க்கிழமையோடு நான் இந்த நாட்டுக்கு வந்து பதினான்கு வருஷம் முடிந்தது. கேக் எதுவும் வெட்டவில்லை. வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. எனக்கே ஏதோ ஒரு படிவத்தில் தேதி எழுதும்போதுதான் உறைத்தது. ஆனால் அன்று காலையில் அதைவிடப் பெரிய சமாசாரம் ஒன்று நடந்திருந்தது. நான் வேலை செய்கிற ஆய்வுக்கூடத்தின் இயந்திரம், ஊரில் இருக்கிற என் நைனாவைக் கணினி ஆராய்ச்சியாளர் ஆக்கிவிட்டது.

நைனா என்றால் அப்பா. சித்தூர், வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மதுரைக்காரர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

நைனாவின் பெயர் கோவிந்தசாமி. சித்தூரிலிருந்து குடியாத்தம் போகிற ரோட்டில், ஆந்திரா முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற ஒரு காலனியில் இருக்கிறார். கையெழுத்துப் போடத் தெரியாது, கட்டைவிரல்தான். என் தம்பி வாங்கிக் கொடுத்த செல்போனில் பச்சை பட்டன் எதற்கு என்று தெரியும். சிவப்பு பட்டன் மேல் நம்பிக்கை கிடையாது, அதனால் பேசி முடித்த பிறகும் அவர் வீட்டு ஆடு கத்துவதும் பக்கத்து வீட்டு டிவியும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். அவரைத்தான் எங்கள் இயந்திரம், பெரிய மாநாடுகளில் கட்டுரை வாசிக்கிறவர் என்று எழுதி வைத்திருந்தது. சந்தேகமாகக்கூட எழுதவில்லை. ரொம்ப உறுதியாக எழுதியிருந்தது.

இந்த மாதிரித் தப்புகளைத் திருத்துவதுதான் எனக்குச் சம்பளம் கொடுக்கிற வேலை. 'தப்பு' என்று ஒரு கட்டத்தில் தட்டிவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் சரியானதை எழுத வேண்டும். ஒரு நிமிஷ வேலை. எனக்கு நான்கு நாள் ஆனது. ஏன் அவ்வளவு நாள் ஆனது என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

இயந்திரம் என்றதும் கை கால் வைத்த எதையாவது நினைத்துக்கொள்ளாதீர்கள். குளிர் அறையில் வரிசையாக நிற்கிற கணினிகளில் ஓடுகிற ஒரு நிரல், அவ்வளவுதான். அதன் வேலை படிப்பது. இணையத்தில் யார் யாரோ எழுதிப் போட்ட பக்கங்களை, லீவு நாள் கிடையாது, பண்டிகை கிடையாது, எந்நேரமும் படித்துக்கொண்டே இருக்கிறது. படித்து உலகத்தைப் பற்றிய விஷயங்களைத் தானாகத் தெரிந்துகொள்கிறது. இப்போதைக்கு இங்கிலீஷ் மட்டும்தான் படிக்கும். அந்த வகையில் என்னைவிட மோசம். நான் ஐந்தாவது வரை தமிழ், அப்புறம் சித்தூரில் தெலுங்கு மீடியம், திருப்பதி காலேஜில் இங்கிலீஷ் என்று மூன்றிலும் அரைகுறையாகத் தேறியவள்.

எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதுதான் அழகு. பழங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அதற்குப் பத்துப் பழங்களின் பெயரை மட்டும் கொடுத்தோம். அது லட்சக்கணக்கான பக்கங்களில் அந்தப் பத்துப் பெயரும் எப்படிப்பட்ட வாக்கியங்களில் வருகின்றன என்று பார்த்தது. இன்ன பழத்தைத் தோல் சீவினோம், இன்ன பழத்தில் ஜூஸ் போட்டோம், இன்ன பழம் இன்னும் பழுக்கவில்லை. சரி, இந்த இடத்தில் வேறு எந்தப் பெயர் வந்தாலும் அதுவும் பழமாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து, புதுப் பெயர்களைப் பிடித்தது. புதுப் பெயர்கள் வருகிற வாக்கியங்களைப் பார்த்து இன்னும் புது வாக்கியங்களைக் கற்றுக்கொண்டது. ஒரு நாள் காலை பட்டியலைத் திறக்கிறேன், தோதாபுரி என்று இருக்கிறது! சித்தூர்ப் பக்கம் மாம்பழக் கூழ் ஆலைக்கு லாரி லாரியாகப் போகிற எங்கள் தோதாபுரி. அதை அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த அறையில் என்னைத் தவிர யாருக்கும் அது பழமா பட்டணமா என்றுகூடத் தெரியாது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். 'சரி' என்று தட்டும்போது, சொந்தக்காரப் பெண் மாநிலத்தில் முதல் மார்க் வாங்கிய மாதிரி இருந்தது.

தப்பும் செய்யும். திருப்பதியைப் பற்றி நிறையப் படித்துவிட்டு, அந்த ஊரில் முக்கியமாக விளைவது தலைமுடி என்று முடிவுக்கு வந்தது. டன் கணக்கில் கிடைக்கிறது, ஏலம் விடுகிறார்கள், வெளிநாட்டுக்கு ஏற்றுமதி ஆகிறது என்று படித்தால் அது பாவம் வேறு என்ன நினைக்கும்? மொட்டை அடிப்பது என்றால் என்ன, வேண்டுதல் என்றால் என்ன என்று நான் ஆய்வுக்கூடத்தில் அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். குப்பம் ஊரில் என்ன மொழி பேசுகிறார்கள் என்பதிலும் குழம்பியது. ஓர் ஊருக்கு ஒரு மொழி என்பது அதுவரை அதன் எண்ணம். தமிழா, தெலுங்கா, கன்னடமா என்று சில வாரம் தடுமாறிவிட்டு, இன்னும் கொஞ்சம் படித்து, மூன்றும் என்று தானாகவே ஒப்புக்கொண்டது. இதை ஒப்புக்கொள்ளாமல் மனிதர்களே தெருவில் இறங்கிச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது வேறொன்று. ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறது என்பதற்காக அது எதையும் நம்பிவிடாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல பக்கங்கள் அதையே சொல்ல வேண்டும். நைனாவும் இப்படித்தான். பஸ் போர்டு படிக்கத் தெரியாதவர், சித்தூர் பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ் என்று ஓர் ஆளைக் கேட்பார். பிறகு தள்ளி நிற்கிற இன்னோர் ஆளைக் கேட்பார். சேர்ந்து நிற்கிற இரண்டு பேரைக் கேட்க மாட்டார், முதல் ஆள் சொன்னதையே இரண்டாவது ஆளும் சொல்வான் என்பார். இதே விஷயத்தை எங்கள் பேராசிரியர் ஹெலன் கரும்பலகை நிறையக் கணக்குப் போட்டு விளக்கியபோது, எனக்கு பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது.

3

கோவிந்தசாமி எப்படி ஆராய்ச்சியாளர் ஆனார் என்று இப்போது சொல்கிறேன். குற்றம் இயந்திரத்தின் மேல் இல்லை. திருப்பதியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆரம்பித்தது.

தொண்ணூறுகள் முடிகிற நேரம். எங்கள் காலேஜில் யாரைப் பார்த்தாலும் கையில் பாஸ்போர்ட் படிவம். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் படித்தவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வேலை கொடுக்கிறார்கள் என்று பேச்சு. எனக்கு மேல்படிப்புக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்திருந்தது. படிவம் நிரப்பித் தருகிற கடைக்கு நைனாவும் கூடவே வந்தார். மடித்து வைத்த வெள்ளைச் சட்டை, அக்குளில் ஒரு மஞ்சள் பை.

கடைக்காரர் தெலுங்கில் கேட்டுக் கேட்டு எழுதினார். என் பெயர் வனஜா. ஊர் எழுதினார், பிறந்த நாள் எழுதினார். பிறகு, "இண்டி பேரு?" என்றார்.

இண்டி பேரு என்றால் வீட்டுப் பெயர். தெலுங்குக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் ஒன்று உண்டு, பரம்பரையாகப் பெயருக்கு முன்னால் வரும். அதைத்தான் கேட்கிறார். நம் ஆட்களுக்கு அது கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்தோடு சரி. நான் இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் நைனா முந்திக்கொண்டார். அந்த வருஷம்தான் அரசாங்கம் கட்டிக் கொடுத்த காலனி வீடு அவர் பெயரில் வந்திருந்தது. எங்கள் வம்சத்தில் யார் பெயரிலும் ஒரு செங்கல் இருந்ததில்லை.

"இல்லு நா பேரு மீதே உந்தி," என்றார், வீடு என் பெயரில்தான் இருக்கிறது என்று, நெஞ்சை நிமிர்த்தி. "கோவிந்தசாமி!"

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "பட்டாகூட கொண்டாந்துகீறேன் வனஜா, காட்டட்டா?" என்று மஞ்சள் பையைத் திறந்தார்.

கடைக்காரர் பட்டாவைப் பார்க்கவில்லை. குடும்பப் பெயர் என்ற இடத்தில் கோவிந்தசாமி என்று பெரிய இங்கிலீஷ் எழுத்தில் எழுதி முடித்துவிட்டார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். இனிஷியலை விரித்து எழுதுகிறார் போலிருக்கிறது, நல்லதுதானே என்று நினைத்தேன். பாஸ்போர்ட்டில் எழுதியது ஆளை எவ்வளவு தூரம் துரத்தும் என்று அந்த வயதில் யாருக்குத் தெரியும்?

4

இங்கே வந்த முதல் மாதம் காய்ச்சல் என்று ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உட்கார்ந்திருக்கிறேன். நர்ஸ் கதவைத் திறந்து, "கோவிண்டசாமி!" என்று கூப்பிட்டாள். நான் சடக்கென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன், நைனா எங்கே வந்தார் என்று. அவள் மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் அது நான் என்று புரிந்தது. சிரிப்பு வந்த அதே நேரத்தில் கண்ணிலும் தண்ணீர் வந்தது. காய்ச்சல் என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு நான்தான் கோவிந்தசாமி. வங்கியில் கோவிந்தசாமி, வாடகைச் சீட்டில் கோவிந்தசாமி, ஓட்டுநர் உரிமத்தில் இடம் போதாமல் கடைசி எழுத்து விடுபட்ட கோவிந்தசாமி. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இந்த ஊர் வழக்கப்படி என் பெயருக்கு முதல் எழுத்து மட்டும், நைனாவின் பெயர் முழுசாக. மற்றவர்கள் என் கட்டுரையை மேற்கோள் காட்டும்போது அந்த ஒற்றை எழுத்தையும் விட்டுவிடுவார்கள். கோவிந்தசாமி இவ்வாறு நிறுவினார், கோவிந்தசாமி இதை மறுத்தார். இயந்திரம் இதைத்தான் படித்தது. ஒன்றல்ல, சம்பந்தமில்லாத பல பக்கங்களில் படித்தது. அது தன் விதிப்படி சரியாகத்தான் நடந்துகொண்டது.

என் மகள் ஆதிரைக்குப் பதினோரு வயது. தமிழ் கேட்டால் புரியும், பேசச் சொன்னால் மாடிக்குப் போய்விடுவாள். தாத்தாவோடு போனில் அவள் பேசுவது மூன்றே வாக்கியம்: நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், அம்மாகிட்ட குடுக்கறேன். சாப்பிட்டியா என்று நாங்கள் கேட்பது ஒரு விசாரிப்பு என்று அவளுக்குத் தெரியாது. தாத்தாவுக்கு ஏன் என் சாப்பாட்டிலேயே கண் என்று கேட்கிறாள். இதற்கு நான் யாரைக் குறை சொல்வது?

இரண்டு வருஷத்துக்கு முன் பள்ளியில் குடும்பத்தைப் பற்றி எழுதி வரச் சொன்னார்கள். தாத்தாவுக்கு என்ன வேலை என்று கேட்டாள். "விவசாயி," என்றேன். அவள் உட்கார்ந்து ஒரு படம் வரைந்தாள். சிவப்பாக ஒரு பெரிய களஞ்சியம், கண்ணுக்கெட்டின தூரம் வயல், பச்சை டிராக்டர், அதன் மேல் வைக்கோல் தொப்பி போட்ட தாத்தா. ஆசிரியை நட்சத்திரம் ஒட்டிக் கொடுத்தார். படம் இன்றும் எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது.

நைனாவுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் இருந்ததில்லை. அடுத்தவர் கரும்புத் தோட்டத்தில் வெட்டினார். அடுத்தவர் அடுப்பில் வெல்லம் காய்ச்சினார். சீசன் இல்லாதபோது கிணறு தோண்டினார், ரோட்டுக்குக் கல் உடைத்தார். கூலி. அந்த ஒரு வார்த்தையை இங்கே பதினான்கு வருஷத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. குடியாத்தத்துக்காரரான என் கணவருக்குத் தெரியும், அவரும் நான் பேச்சை மாற்றினால் கூடவே மாற்றிவிடுவார்.

5

செவ்வாய்க்கிழமை காலை அந்த வரியைப் பார்த்ததும் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஹெலன் என்னவென்று வந்து பார்த்தார். அறுபது வயதைத் தாண்டியவர், உலகத்தில் இந்தத் துறையில் பேர் சொன்னால் தெரிகிறவர். ஆனால் இயந்திரம் ஒரு தப்புச் செய்தால் குழந்தை மாதிரி குஷியாகிவிடுவார். தப்பில்தான் அது எப்படி யோசிக்கிறது என்று தெரியும் என்பார்.

நான் ஜெராக்ஸ் கடைக் கதையைச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்தி, "அப்படியானால் உன் அப்பா மட்டுமாக இருக்க முடியாதே?" என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து தேடினோம். வரிசையாக வந்தார்கள். முனுசாமி, விமான வடிவமைப்பாளர். சின்னத்தம்பி, இதய அறுவை நிபுணர். பெருமாள், வங்கித் துணைத் தலைவர். ஏழுமலை, மென்பொருள் நிறுவன இயக்குநர். இந்த ஏழுமலையை எனக்குத் தெரியும். அவர் மகள் ரேணுகா திருப்பதியில் என்னோடு படித்தவள். ஏழுமலை பலமனேர் சந்தையில் தக்காளிக் கூடை தூக்கியவர், இறந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. மகன்களும் மகள்களும் பாஸ்போர்ட் எடுத்தபோது கடைசிப் பெயர் ஆகிப்போன அப்பாக்கள் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். நுகத்தடியும் மண்வெட்டியும் தவிர வேறு எதையும் தொட்டிராத எத்தனையோ பேர் அங்கே டாக்டரும் இன்ஜினியருமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை ஒவ்வொருவராக எழுப்பி, எழுந்திரு, இது உன் இடமில்லை என்று சொல்கிற வேலை எனக்கு. இதில் பல பெயர்களுக்குப் போன வருஷங்களில் 'சரி' தட்டியவளும் நான்தான். வேகமாகத் தட்டிக்கொண்டு போகையில் இந்த ஊர்க் கண்ணோடு பார்த்திருக்கிறேன்.

ஹெலன்தான் வழி சொன்னார். அழிக்க வேண்டாம், இடம் மாற்று என்றார். இயந்திரத்தில் 'இன்னாரின் தந்தை' என்று ஒரு கட்டம் ஏற்கெனவே இருந்தது. நம் பெயர்களில் எது ஆளின் பெயர், எது அப்பா பெயர் என்று பத்து உதாரணம் கொடுத்தேன். புதன்கிழமை காலை வந்து பார்க்கிறேன், பத்தை வைத்துக்கொண்டு அது தானாகவே நூற்றுக்கணக்கான அப்பாக்களைக் கண்டுபிடித்து, அவரவர் பிள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தது. நான் சொல்லாத பெயர்கள், நான் கேள்விப்படாத ஊர்கள். பாஸ்போர்ட் ஆபீசும் வங்கியும் பள்ளிக்கூடமும் பதினான்கு வருஷம் நான் சொல்லிச் சொல்லிப் புரிந்துகொள்ளாததை அது ஒரே நாளில் புரிந்துகொண்டது. கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

ஆனால் எங்கள் கூடத்தில் ஒரு விதி உண்டு. ஒன்றைத் தப்பு என்றால், சரி எதுவென்று தெரிந்தவர் அதை எழுத வேண்டும். கட்டத்தைக் காலியாக விட்டால் இயந்திரம் மறுபடி எதையாவது ஊகித்து நிரப்பும்.

"உன் அப்பாவுக்கு உண்மையில் என்ன வேலை?" என்று ஹெலன் கேட்டார்.

"விவசாயி," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் கை விசைப்பலகைக்குப் போனது.

"இருங்கள், நானே எழுதுகிறேன்," என்றேன்.

விவசாயி என்று எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அது அடுத்து அவருடைய நிலத்தைத் தேடும். என்ன பயிர், எத்தனை ஏக்கர், என்ன டிராக்டர் என்று தேடும். ஒரு பொய் போதும், அதிலிருந்து பத்துப் பொய்யை அது நல்ல மனசோடு கற்றுக்கொள்ளும்.

இந்தப் பொய் எனக்குப் பழசு. திருப்பதி காலேஜில் சேருகிற அன்று படிவத்தில் தண்ட்ரி, அதாவது தந்தையின், தொழில் என்ற இடத்தில் நான் 'ரைத்து' என்று தெலுங்கில் எழுதினேன். விவசாயி என்று அர்த்தம். எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் அப்பா தாசில்தார், பின்னால் நின்றவளின் அப்பா மலையில் கோயில் கைங்கரியம் செய்கிறவர். கூலி என்று எழுதக் கை வரவில்லை. நைனா பக்கத்தில்தான் நின்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்கிற தைரியம்தான் எனக்கு. இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அந்தக் கட்டத்தைத் திறந்தேன், மூடினேன்.

6

சனிக்கிழமை காலை சமையலறை மேஜையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு நைனாவுக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம்.

"இன்னாம்மா, துன்னியா?"

"துன்னுட்டேன் நைனா. உன்ன ஒண்ணு கேக்கணும். நான் வேல செய்யற எடத்துல ஒரு மிஷின் கீதுன்னு சொன்னேன் இல்ல? கம்ப்யூட்டர்ல ஊர்ல கீறவங்க எழுதனதெல்லாம் படிச்சி, தானா விஷயம் தெரிஞ்சிக்கும்னு."

"தானாவா? யாரும் சொல்லிக் குடுக்காமயா?"

"மொதல்ல ஒரு பத்து நாங்க சொல்லுவோம். மீதிய அதுவே புடிச்சிக்கும்."

"பரவால்லியே!" என்றார். நிஜமான வியப்பு. "பச்ச பட்டன எனக்கு உன் தம்பி ஒரு மாசம் சொல்லிக் குடுத்தான். கெட்டிக்கார மிஷின்தான். எழுத்துக் கூட்டிப் படிக்குமா, கடகடன்னு படிக்குமா?"

"கடகடன்னு. அது உன்னப் பத்தி ஒண்ணு சொல்லுது நைனா. நீ பெரிய ஆராய்ச்சி பண்றவருன்னு சொல்லுது."

அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. பக்கத்தில் யாரையோ கூப்பிட்டு, "தே, நான் ஆராய்ச்சி பண்றேனாம், கேட்டுக்கோ" என்று சொல்வது கேட்டது. சிரித்து முடித்து, "எப்டி அப்டி சொல்லிச்சி?" என்றார். உன் பெயர் எனக்குக் கடைசிப் பெயராகிவிட்டதால், நான் எழுதினதெல்லாம் உன் பெயரில் போகிறது என்று சொன்னேன்.

"தப்புன்னு போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"அதான் கரெக்டு. படிக்கிற மிஷினுக்குப் பொய்யச் சொல்லக் கூடாது. அப்பறம் இன்னா?"

"சரியானத எழுதணும் நைனா. உனக்கு இன்னா வேலைன்னு."

"இன்னா எழுதன?"

"இன்னும் எழுதல."

"திருப்பதில எழுதனியே, அதையா எழுதப் போற?"

"எது நைனா?" என்று கேட்டேன், தெரியாத மாதிரி.

"நீ மார்க்கு ஷீட்ட ஜெராக்ஸ் எடுக்கப் போன இல்ல? அப்ப அந்த கிளார்க்கு பாரத்த எடுத்து ஒரொரு வரியா படிச்சிக்கினு வந்தான். தண்ட்ரி ரைத்துன்னு படிச்சிட்டு என்னப் பாத்தான். பாத்துட்டு, எவ்ளோ நெலம்னான்."

"நீ இன்னா சொன்ன?"

"ரெண்டு ஏக்கரான்னேன்."

எதையும் இரண்டு பேரைக் கேட்காமல் நம்பாத நைனா வாழ்க்கையில் பொய் என்று ஒன்று சொல்லி நான் கேட்டதில்லை.

"நைனா, அன்னிக்கி நான்..."

"உடு. புள்ள ஒண்ணு எழுதிட்டா, நான் அத இல்லன்னு சொல்றதா? எல்லாரும் பெரிய பெரிய ஆளுங்களா நின்னுக்கினு இருந்தாங்க. உனக்கு ஒரு மாரி இருந்திருக்கும். எனக்கும் இருந்திச்சி." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அன்னிக்கி உனக்கு பயம். இன்னிக்கி இன்னா பயம் உனக்கு? எழுது."

"இன்னான்னு எழுத?"

"கூலின்னு எழுது. செஞ்ச வேல தான?"

எழுதினேன். இயந்திரத்துக்குப் புரிகிற இங்கிலீஷில், வயலில் கூலி வேலை செய்கிறவர் என்று எழுதினேன். ஓர் எழுத்து தப்பாக விழுந்தது, அதை அழித்துத் திருத்தினேன். அந்த முனையில் அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் நைனா."

"படிச்சிக் காட்டு."

அவருக்குப் புரிகிற தமிழில் படித்தேன். "கோவிந்தசாமி. வனஜாவோட நைனா. வேல, விவசாயக் கூலி."

"விவசாயம் எதுக்கு நடுவுல பூந்துச்சி?" என்று உடனே கேட்டார்.

"கழனில செய்யற கூலின்னு புரியறதுக்கு நைனா. வேற ஒண்ணும் இல்ல."

"இன்னொரு தபா படி," என்றார்.

இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன்.

"ம், சரியா கீது," என்றார் நைனா. "சரின்னு போட்டுக்கோ."